சமையல்கட்டு மூலையின் அடிக்கட்டை

பிரிக்பீல்ட்ஸில் என் மகள் வாங்கியிருக்கும் வீடு உயரமான கட்டடத்தில் இருக்கிறது. கீழே ரயில் போகும்போது அலமாரிக் கண்ணாடி லேசாக அதிரும். அவளுக்கு அது காதிலேயே விழாது. எனக்கோ கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொள்ளத் தோன்றும். "இது கான்கிரீட்மா, எங்கயும் போகாது லா" என்று சிரிப்பாள். கான்கிரீட் என்று எனக்கும் தெரியும். என் கால்களுக்குத் தெரியவில்லை, நான் என்ன செய்ய?

உங்களில் பலகை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கிள்ளானில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்தது எங்கள் கம்பம், பலகை வீடுகள் நெருங்கி நின்ற குடியிருப்பு. மழைக்குத் தண்ணீர் ஏறும் இடம் என்பதால் வீடுகள் தரையில் உட்காராமல் இடுப்பு உயரச் செங்கல் தூண்களின்மேல் நின்றன. தூணுக்கும் சுவருக்கும் நடுவே நீளமாக ஒரு கட்டை படுத்திருக்கும். சுவரின் கால்களும் தரைப் பலகையும் கூரையும் அதன்மேல்தான் நிற்கும். அடிக்கட்டை என்போம். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது, அது கெட்டுப்போகும்வரை.

வீட்டுக்கு அடியில் எப்போதும் இருட்டு. கோழிகள் புகுந்துகொள்ளும், ஓட்டை வாளி கிடக்கும், ஈர மண் வாடை பலகை இடுக்கு வழியாக மேலே வரும். பந்து உருண்டு உள்ளே போனால் போனதுதான். தெருப் பிள்ளைகள் யாரும் எடுக்கப் போகமாட்டார்கள். அதிலும் எங்கள் வீட்டுக்கடியில் தலையைக்கூட நீட்டமாட்டார்கள். அங்கே புற்று இருந்தது.

சமையல்கட்டு மூலையில், அடிக்கட்டைக்கு நேர் கீழே அது எழும்பியது. முதலில் யாரோ ஒரு பிடி மண்ணை வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. பிறகு கட்டையைத் தொட்டது, பிறகு கட்டையையே மூடிக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மா அங்கே குனிந்து கிண்ணத்தில் இருந்து பால் ஊற்றுவதை எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

"என்னாக்கா, ஒரு வார்த்த சொல்லவே இல்ல? நாகம்மா உங்க வீடு தேடி வந்திருக்கா!"

அம்மா கிண்ணத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வெள்ளி எதிர்வீட்டு அக்கா மஞ்சளும் குங்குமமும் முட்டையும் கொண்டுவந்தார். அதற்கடுத்த வெள்ளி தெருப் பெண்கள் பாதிப் பேர் வந்தார்கள். பாலும் மஞ்சள் தண்ணீருமாக ஊற்றி ஊற்றி அந்த மூலை காயவே இல்லை. புளித்த பால் வாடை சமையல்கட்டிலேயே தங்கிவிட்டது. வைத்த முட்டை மறுநாள் காலையில் இருக்காது. உடும்போ எலியோ தின்றிருக்கும் என்று இன்றைக்குச் சொல்லத் தெரிகிறது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தோம்.

ஒன்று மட்டும் எனக்குக் குழப்பமாக இருந்தது. புற்று வருவதற்கு முன்பே அம்மா அதே இடத்தில் பால் ஊற்றியதை நான் பார்த்திருந்தேன். கேட்டதற்குப் பூனைக்கு என்றாள். எங்கள் பக்கம் ஏது பூனை? எதிர்வீட்டு நாய் ஒன்றையும் விட்டுவைக்காது.

நான் பாய் போட்டுப் படுப்பது அந்த மூலையை ஒட்டித்தான். விளக்கை அணைத்ததும் கீழேயிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கிளம்பும், தூரத்தில் யாரோ வறுத்த கடலை மெல்வதுபோல. பாம்பு முட்டை தின்கிறது என்று நினைத்துக்கொண்டு, பலகை இடுக்கில் விரல் பட்டுவிடாமல் கைகால்களை மடக்கிப் படுத்துக்கொள்வேன். அப்போது கற்றுக்கொண்ட படுக்கை இன்னும் மாறவில்லை.

நடுவில் ஒரு பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா லோரி ஓட்டினார். சீனப் பெருநாளுக்கு அவருடைய முதலாளி, சீனத் தவுக்கே கொடுத்த பெரிய சதுர டின் அது. நாலு பக்கமும் பச்சைக்கிளி படம். பிஸ்கட் தீர்ந்த பிறகு முறுக்கு வைக்க ஆயிற்று. முறுக்கு இல்லாதபோது அது என்னுடையது. என் வளையல், உடைந்த சீப்பு, சிகரெட் அட்டை எல்லாம் அதற்குள் குடியிருந்தன.

அந்தச் சமயம் அம்மாவுக்கு வயிறு பெரிதாக இருந்தது. தங்கச்சியா தம்பியா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் என்னை ரயில்வே அங்கிள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து வீடுதான். அங்கிள் ரயில்வே பட்டறையில் தச்சு வேலை பார்த்தவர், வேதக்காரர். ஆன்டி எனக்கு இரண்டு நாள் ரொட்டியும் கொக்கோவும் கொடுத்தார். திரும்பி வந்தபோது அம்மாவின் வயிறு இல்லை, பிள்ளையும் இல்லை. என் வளையலும் சீப்பும் ஒரு துணியில் மூட்டையாகக் கிடந்தன. டின்னைக் காணோம்.

பிள்ளை எங்கே என்று கேட்டேன். "சாமி எடுத்துக்கிச்சு" என்றார் மருத்துவச்சி. சரி, டின் எங்கே என்று கேட்டேன். அதுவரை என்னைத் தொட்டு அடித்திராத அம்மா பளீரென்று கன்னத்தில் அறைந்தாள். அறைந்துவிட்டு என்னைவிடச் சத்தமாக அவள் அழுததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதன்பிறகு டின் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை.

அதற்கு அப்புறம் இரண்டு மூன்று வருடம் கழித்துத் தம்பி பிறந்தான். நாகம்மா கொடுத்த பிள்ளை என்று தெருவே சொன்னது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் கரும்புத் தொட்டில் கட்டித் தூக்குவதாகவும் வேண்டுதல் இருந்தது. ஆக அவனுக்குக் காவல் பலமாகத்தான் இருந்தது. வீட்டுக்குத்தான் இல்லை.

வீடு சாய்வதைக் காட்டிக்கொடுத்தது அவனுடைய ஏணைதான். உத்திரத்தில் கயிறு போட்டு, அம்மாவின் பழைய சாரோங் கைலியில் கட்டிய துணித்தொட்டில். சமையல்கட்டுச் சுவருக்கும் அதற்கும் நடுவே முதலில் நான் தாராளமாக நடந்து போவேன். மழைக்காலம் தொடங்கியபோது ஒருக்களித்துப் போக வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறை விட்டபோது கையை மட்டும் நுழைக்க முடிந்தது. ஏணை நேராகத்தான் தொங்கியது. சுவர்தான் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அப்பா வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் குளிக்கப் போவார். சமையல்கட்டுக் கதவு மூட மறுத்தது. விழுந்த புளியங்கொட்டையெல்லாம் அந்த மூலைக்கே உருண்டது. கடைசியில் ஒருநாள் ஏணை ஆடும்போது தம்பியின் தலை சுவரில் இடித்தது.

அன்று சாயங்காலமே அப்பா ரயில்வே அங்கிளைக் கூட்டிவந்தார். அங்கிள் குனிந்து, திருப்புளியை அடிக்கட்டையில் குத்தினார். கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. இழுத்தபோது சத்தமே வரவில்லை.

"இது கட்ட இல்ல லா. வெறும் தோலு. பெயிண்டுதான் நிக்குது" என்றார் அங்கிள். "ஜாக்கி வச்சு வீட்ட தூக்கணும். அழுகினத எடுத்துட்டு, தண்டவாளத்துக்கு அடியில போடுற ஸ்லீப்பர் கட்ட போட்டுருவோம். எங்க யார்டுல கழிச்சுப் போட்டது இருக்கு, கரையான் கிட்ட வராது. ஆனா இந்தப் புத்த எடுக்காம ஒண்ணும் நடக்காது."

அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த மண்ணுமேல யாரும் கை வைக்கக்கூடாது" என்றாள். "வச்சா என் புள்ளைக்கு ஆகாது."

"வீடு விழுந்தா மட்டும் ஆகுமா?" என்று அப்பா கேட்டார். ஆனால் அதட்டிக் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

எனக்கு அப்போதிலிருந்துதான் உண்மையான பயம் பிடித்தது. புற்றைத் தொட்டால் தம்பி செத்துப்போவான். தொடாவிட்டால் வீடு விழுந்து தம்பி செத்துப்போவான். இரண்டையும் பெரியவர்கள் வாயாலேயே கேட்டுவிட்டேன். ஏணைக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினேன், விழுந்தால் இழுத்துவிடலாம் என்று. எட்டு வயதுக்கு வேறென்ன யோசனை வரும்?

மழை கொட்டியது. அப்பா இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். அவரோடு லோரியில் போகும் ஆள் வாசலில் வைத்தே கேலி செய்வார்: "என்னாண்ணே, மலைபோல லோரிய ஓட்டுறீங்க, ஒரு பாம்புக்குப் போயி பயப்படுறீங்களே!" அப்பா சிரித்துவிட்டுப் பீடியைப் பற்றவைப்பார். தெருவில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்றும், பெண்டாட்டி பேச்சுக்கு ஆடுகிறவர் என்றும் பெயர் ஆகிவிட்டது. எனக்கும் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. அவர் பாம்புக்குப் பயப்படுகிறவர் இல்லை. இது எனக்குத் தெரிய எத்தனையோ வருடங்கள் ஆயின.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை, தவுக்கேயிடம் கேட்டு இரண்டு ஜாக்கிகளை லோரியிலேயே கொண்டுவந்தார். ஸ்லீப்பர் கட்டைகள் தார் வாடையோடு வாசலில் கிடந்தன. "நாங்க வேதக்காரங்க, உங்க சாமி எங்கமேல கோவிச்சுக்காது" என்று முதல்நாள் தைரியமாகப் பேசிய அங்கிள், கழுத்தில் ஜெபமாலை, சட்டைப்பையில் தீர்த்தப் புட்டி சகிதமாக வந்து சேர்ந்தார். எதிர்வீட்டு அக்கா கற்பூரத்தோடு தெருக் கால்வாய்க்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். ஆட்டுக்கல், அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் வெளியே தூக்கி வைத்தாயிற்று. அம்மா மட்டும் வெளியே வரவில்லை. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, வெறுமையான சமையல்கட்டில் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா உள்ளே வந்து அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நான் ஒருத்தன்தான் தோண்டுவேன். மம்முட்டி படாது, கையாலதான். யாரையும் கிட்ட விடமாட்டேன். நீயே வந்து எடுத்துக்க."

அம்மா தம்பியை இன்னும் நெஞ்சோரம் இழுத்துக்கொண்டாள். "எடுத்து?" என்றாள்.

"எங்கக்கா இருக்கிற தோட்டத்துக்குக் கொண்டுபோயிருவோம். எங்கம்மாவ வச்ச எடத்துக்குப் பக்கத்துல."

பாம்பைப் பிடித்து, கேரி தீவில் இருந்த அத்தை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். அத்தைக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று வேறு கவலை வந்தது.

"சரி. எடுக்கிற நேரத்துக்கு வரேன்" என்றாள் அம்மா. "அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன். என் புள்ளைங்களும் என்கூடத்தான்."

வெளியே அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டார். "உள்ள ஆள வச்சுக்கிட்டு வீட்டத் தூக்கறதா? பைத்தியமா லா உனக்கு?"

"தூக்குங்கண்ணே" என்றார் அப்பா.

வீடு தூக்கும்போது உள்ளே இருந்தவர்கள் உங்களில் யாராவது உண்டா? ஆணிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. தகரக் கூரையிலிருந்து பல்லியும் புழுதியும் விழுந்தன. ஒருபோதும் வெளிச்சம் வராத சுவரடியில் வெயில் கோடாக நுழைந்து, என் கால்வரை வந்தது. ஏணை கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரைவிட்டு விலகியது. அதைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கோ வீடு எங்களையும் வைத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போவதுபோல் இருந்தது. அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அங்கிள் அழுகிய கட்டையை இழுத்தார். தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட்போல் பிடிபிடியாக வந்தது. எல்லாம் வந்தபிறகு அப்பா, "அண்ணே, நீங்க போயி தேத்தண்ணி குடிங்க. இத நான் பாத்துக்கிறேன்" என்றார். சாபத்தை இவன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான் என்று அங்கிள் நினைத்திருக்க வேண்டும். சிலுவை போட்டுக்கொண்டு வேகமாகவே போனார்.

நான் பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். கீழே அப்பாவின் முதுகு தெரிந்தது. புற்று உடைந்தது. பாம்பு வரும் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வெள்ளையாகக் கரையான்தான் கொட்டியது, அரிசி சிந்தியதுபோல. அப்பா இன்னும் கீழே தோண்டினார். பிறகு இரண்டு கையாலும் எதையோ மண்ணிலிருந்து அசைத்து அசைத்து எடுத்தார். துருவேறி, ஒரு மூலை தின்னப்பட்டு, சதுரமாக இருந்தது. அதன் பக்கத்தில் மண் உதிர்ந்த இடத்தில் கொஞ்சம் பச்சை தெரிந்தது. என் கிளி.

என் டின்னைப் பாம்பு எப்படி எடுத்துப்போனது என்று நினைத்து, இடுக்கிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன்.

"வா" என்றார் அப்பா, கீழேயிருந்து.

அம்மா எழுந்தாள். தம்பியை என் கையில் கொடுத்தாள். "கீழ வராதே. என்ன ஆனாலும் தம்பியோட இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அந்த நிமிடம் அவள் எங்களை மறந்தே போயிருந்தாள். எனக்கு அதில் வருத்தமில்லை, அன்றும் இல்லை.

இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பா டின்னை அவள் கையில் வைத்தார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், மண்ணோடு, துருவோடு. அப்போதுதான் வருடக்கணக்காகப் பால் குடித்து ஊறியிருந்த அந்த மண் ஜாக்கியின் அடியில் இளகியது. பலகை ஒன்று டப்பென்று தெறித்தது. வீடு ஒருமுறை குலுங்கி, மூலைப் பக்கமாக இறங்கத் தொடங்கியது.

"எறங்கு! வெளிய வா!" என்று அப்பா கத்தினார். அம்மா வராதே என்று சொல்லியிருந்தாள். நான் தம்பியை இறுக்கிக்கொண்டு வாசல் நிலையோடு நின்றுவிட்டேன். தரை சாய்ந்தது. தம்பி வீறிட்டான். அப்பா சுவருக்கடியில் தோளைக் கொடுத்துவிட்டார். ஒரு மனிதத் தோள் வீட்டைத் தாங்குமா? இருந்தாலும் கொடுத்தார்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சமையல்கட்டு வாசலுக்கு ஓடிவந்தாள். கையில் டின் இருந்தது. இரண்டு கையும் அதைத்தான் பிடித்திருந்தன. ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு குனிந்து, டின்னை ஈர மண்ணில் மெதுவாக வைத்தாள். வைத்துவிட்டுக் கையை மேலே நீட்டினாள்.

"குடு! தம்பியக் குடு! நீயும் குதி!"

கொடுத்தேன், குதித்தேன். எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக அவள் சேற்றில் விழுந்தாள். கோப்பையை வீசிவிட்டு ஓடிவந்த அங்கிள், ஸ்லீப்பர் கட்டை ஒன்றைக் காலால் உதைத்துச் சுவருக்கடியில் தள்ளினார். அப்பா உருண்டு வெளியே வந்தார். வீடு அந்தக் கட்டையின்மேல் தொம்மென்று உட்கார்ந்தது. கால்வாய்க்கு அந்தப்பக்கம் எதிர்வீட்டு அக்கா கற்பூரத்தைக் கையிலேயே கொளுத்திக்கொண்டு அலறினார். பாம்பு கடைசிவரை வரவில்லை.

மறுபடி ஜாக்கி வைத்துக் கட்டையைச் சரியாகப் பொருத்தி முடிக்க அங்கிளுக்கு மாலையாகிவிட்டது. அதற்கு முன்பே நாங்கள் லோரியில் கிளம்பிவிட்டோம். தோள்பட்டை வீங்கியிருந்த அப்பா ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். சாலைக்கு இருபுறமும் செம்பனை மரங்கள் வந்துகொண்டே இருந்தன. அம்மாவின் ஒரு தொடையில் தம்பி, மறுதொடையில் வெள்ளைத் துணி சுற்றிய டின். நான் அதைத் தொட்டுவிடாமல் கதவோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பயப்படாத. நம்ம புள்ளதான்" என்றாள். தம்பியைச் சொல்கிறாள் என்று நினைத்து, நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைப் பால் நின்றுவிட்டது. எதிர்வீட்டு அக்கா மட்டும் கொஞ்சநாள் புதுக் கட்டைக்குப் பொட்டு வைத்துப் பார்த்தார். சாலை போட வந்தவர்கள் கம்பத்தை இடித்தபோதும் அந்த ஸ்லீப்பர் கட்டை மட்டும் தார் வாடை மாறாமல் அப்படியே கிடந்தது.

என் முதல் பிரசவத்துக்குப் பிறகு, எனக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னாள். தம்பிக்கு முன்னால் வந்தது பெண் குழந்தை. மூச்சில்லாமல் பிறந்தது. தூரமாகக் கொண்டுபோக வேண்டாம் என்று அவள் அழுதிருக்கிறாள். நாய் தோண்டாத, மழை படாத இடமாக அப்பா தேடிப் பார்த்து, வீட்டுக்கடியில் வைத்திருக்கிறார். வீட்டில் இருந்த நல்ல பெட்டி அந்த டின் ஒன்றுதான். ஒரு சொட்டுப் பால்கூட குடிக்காமல் போனவள் என்பதால் அம்மா பால் ஊற்றியிருக்கிறாள். பால்தான் கட்டையை அழுகவைக்கிறது என்று அப்பாவுக்குத் தெரிந்தே இருந்தது. நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

என் பிள்ளை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை அடங்க நேரமாயிற்று. "அத்தன வருஷம் அதுமேலயே அடுப்பெரிச்சு, பாய் போட்டுப் படுத்திருக்கோம். உனக்குப் பயமா இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

"அவகிட்ட எனக்கென்னாடி பயம்" என்றாள் அம்மா. செம்பை வாளிக்குள் போட்டாள். "தம்பியத் தூக்கிக்கிட்டு நீ மேல நின்ன பாரு. என் கை ரெண்டும் அவகிட்ட இருந்துச்சு. அப்பதான் பயந்தேன்."